லென்ஸ்: பயறிலிருந்து வில்லை வரை

வீட்டில் முழு மசூர்ப் பயறு இருந்தால் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தோல் நீக்கி உடைத்த செம்பருப்பு வேண்டாம்; பழுப்புத் தோலோடு இருக்கும் முழுப் பயறு. நடுவில் தடித்து, விளிம்பில் மெலிந்து, இரண்டு பக்கமும் புடைத்திருக்கும். பள்ளியில் வரைந்த குவிலென்ஸ் அச்சு அசல் இதே வடிவம்தான். லத்தீன் மொழியில் 'லென்ஸ்' என்றாலே இந்தப் பயறுதான். தாவரவியலில் இன்றும் இதன் பெயர் லென்ஸ் குலினாரிஸ். கண்ணாடியை இந்த வடிவில் தேய்த்து எடுத்தவர்கள் பயறின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்துக்கு அந்தப் பெயர் 17-ஆம் நூற்றாண்டில் வந்தது. ஜெர்மன்காரர்களுக்கு இன்றும் பயறும் 'லின்ஸெ', லென்ஸும் 'லின்ஸெ'. அரபியில் பயறு 'அதஸ்', லென்ஸ் 'அதஸா'.

தமிழில் இதற்கு வில்லை என்ற சொல் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்குக் குவிவு வில்லை, குழிவு வில்லை என்பவை பழகிய சொற்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குவிலென்ஸ், குழிலென்ஸ் என்று பாதி வழியில் நின்றுவிட்டன. வில்லையை யாரும் புதிதாகக் கட்டவில்லை என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். கற்பூர வில்லை நம் எல்லார் வீட்டிலும் உண்டு. மாத்திரையையும் வில்லை என்போம். அந்தக் காலத்தில் அலுவலகச் சேவகர் மார்பில் குத்தியிருந்த பித்தளை வட்டமும் வில்லைதான். தெலுங்கில் இது பில்ல, கன்னடத்தில் பில்லெ. கைக்கு அடக்கமான சிறு வட்டத் துண்டு என்பதே எல்லாவற்றுக்கும் பொதுவான பொருள். லத்தீன்காரர் வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது போலவே நாமும் வைத்திருக்கிறோம். எழுதும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 'தெரியவில்லை', 'வரவில்லை' என்று எதிர்மறை வினைகளும் இப்படியே முடிவதால், தேடுபொறியில் வெறும் 'வில்லை' என்று போட்டால் வேண்டாததும் வரும். குவிவு வில்லை, கேமரா வில்லை என்று முன்னால் ஒரு சொல் சேர்த்துவிட்டால் போதும்.

இதை இப்போது எழுதக் காரணம் என் தம்பியின் டேஷ்கேம், அதாவது காரின் முன்கண்ணாடியில் மாட்டிச் சாலையைப் படம்பிடிக்கும் கேமரா. பெட்டியில் '170 டிகிரி அகலக் கோணம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்து வாங்கினான். ஒரு ராத்திரி, திண்டிவனம் தாண்டி, எதிரே வந்த ஒரு வேன் அவன் காரின் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டு நிற்காமல் போனது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். சாலை முழுக்கத் தெரிந்தது, இரு பக்கப் புளியமரமும் தெரிந்தது. வேனின் எண் பலகை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல். அவ்வளவுதான்.

இரவுக்குக் கேமரா தேடுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் அபெர்ச்சர், அதாவது வில்லை வழியாக ஒளி உள்ளே வரும் திறப்பு. 'திறத்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் துளை என்றாலே போதும், வில்லைத் துளை என்றால் இன்னும் தெளிவு. அடுத்தது குவியத் தொலைவு, வில்லையிலிருந்து ஒளி குவியும் புள்ளி வரை உள்ள தூரம். குவியத்துக்கு ஆங்கிலத்தில் ஃபோகஸ். 'ஃபோகஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு அடுப்பங்கரை என்று பொருள். ஒளியியலில் கெப்ளர் 1604-இல் அதைப் பயன்படுத்தினார். வெயிலைக் குவித்துப் பஞ்சைக் கொளுத்தும் புள்ளியை நினைத்தால் பொருத்தம் புரியும். ஆனால் கதை தெரியாதவருக்கு அந்தச் சொல் எதையும் சொல்லாது. நம் 'குவியம்' அப்படியில்லை. ஒளி அங்கே குவிகிறது, அதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப்-எண். வகுக்கும் இடத்தில் துளை இருப்பதால் எண் சிறுத்தால் துளை பெரிது என்று அர்த்தம். பலரும் தடுமாறும் இடம் இதுதான். 3.2 மி.மீ குவியத் தொலைவுள்ள வில்லையை எடுத்துக்கொள்வோம். எஃப்/1.6 என்றால் துளை 2 மி.மீ, ஏறக்குறைய ஒரு கடுகு. எஃப்/2 என்றால் 1.6 மி.மீ. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் உள்ளே வரும் ஒளி ஒன்றரை மடங்குக்கும் மேல் மாறுகிறது. நெடுஞ்சாலை இருட்டு மொத்தமும் அந்தக் கடுகுத் துளை வழியாகத்தான் உள்ளே வந்தாக வேண்டும்.

ஒளி போதாவிட்டால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கு நொடியில் முப்பதில் ஒரு பங்கு வரை போகலாம். 60 கி.மீ வேகத்தில் வரும் வண்டி அதற்குள் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். நாமும் எதிரே அதே வேகத்தில் போனால் ஒரு மீட்டருக்கு மேல். தம்பி வீடியோவில் பார்த்த தீற்றல் இப்படி வந்ததுதான். பெரிய துளையுள்ள வில்லையை ஆங்கில வழக்கில் 'வேகமான லென்ஸ்' என்பார்கள். படம் சீக்கிரம் பதிவதால் வந்த பெயர் அது. அதை அப்படியே தமிழில் எழுதினால் ஏதோ மோட்டார் ஓடுவது போல இருக்கிறது. அகல்துளை வில்லை என்று எழுதலாம், கேட்டதும் புரியும்.

சரி, அந்த 170 டிகிரிக்கு வருவோம். இவ்வளவு அகலமாகப் பார்க்கும் வில்லைக்கு மீன்கண் வில்லை என்று பெயர். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் உட் 1906-இல், நீருக்குள்ளிருந்து மீன் மேலே பார்த்தால் உலகம் எப்படித் தெரியும் என்று ஆராய்ந்தபோது பிறந்த சொல். கயற்கண்ணி என்றும் மீனாட்சி என்றும் அழகுக்கு மீனை உவமை சொன்ன மொழியில் இந்தச் சொல் இயல்பாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் இரவில் எண் பலகை படிக்க மீன்கண் உதவாது. நம் ஊர்க் காரின் எண் பலகை 500 மி.மீ நீளம். 10 மீட்டர் தள்ளி நின்றால் அது பார்வையில் மூன்று டிகிரிக்கும் குறைவான இடத்தையே அடைக்கும். 1920 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள படத்தை 170 டிகிரிக்குப் பரப்பினால் அந்தப் பலகைக்குத் தோராயமாக 32 புள்ளி கிடைக்கும். அதற்குள் பத்து எழுத்தும் எண்ணும் அடங்க வேண்டும். 110 டிகிரி என்றால் 50 புள்ளி. 4கே கேமராவில் இவை இரட்டிப்பாகும். பக்கவாட்டில் நடப்பதும் தெரிய வேண்டும் என்பதால் 130, 140 டிகிரிப் பக்கம் நிற்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பிளாஸ்டிக்கா, கண்ணாடியா என்று கேட்டால் யோசிக்காமல் கண்ணாடி வில்லை. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் பிளாஸ்டிக் விரிந்து குவியம் நகரும். படம் மழுங்கும். வில்லைக்குப் பின்னால் இருந்து ஒளியைப் படமாகப் பதியும் உணரியும் (சென்சார்) நன்றாக இருக்க வேண்டும், மட்டமான உணரியின் முன்னால் எந்த வில்லையும் எடுபடாது.

அப்புறம் கடையில் சிபிஎல் என்று, வில்லையின் முன்னால் மாட்டும் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பார்கள். தமிழில் தளவிளைவு வடிப்பான். பகலில் முன்கண்ணாடியில் விழும் டேஷ்போர்டின் பிரதிபலிப்பை அது அழகாக நீக்கும். ஆனால் வரும் ஒளியில் பாதிக்கு மேல் அதிலேயே நின்றுவிடும். எஃப்/1.6 வில்லைக்குக் காசு கொடுத்துவிட்டு இதை ராத்திரியும் மாட்டியே வைத்திருந்தால், எஃப்/2 வில்லையைவிடக் குறைந்த ஒளிதான் உள்ளே போகும். தம்பியின் கேமராவிலும் அன்றிரவு அது மாட்டியே இருந்தது. இப்போது விளக்கு வைக்கும் நேரத்தில் கழற்றிக் கையுறைப் பெட்டியில் போட்டுவிடுகிறான்.