ஷாமா: தமிழில் சோலைபாடி

'ஷாமா' என்பது இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், பறவைக் கையேடுகள் வழியாக நம்மிடம் வந்த, ஒரு பாட்டுப் பறவையின் பெயர். மூலச்சொல் வடமொழி 'சியாமா': கருநிறத்தவள். சியாமளா என்று பெண் குழந்தைகளுக்கு வைக்கும் பெயரும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். அறிவியல் பெயரான காப்சிகஸ் மலபாரிகஸிலும் கருமை உண்டு. முதல் சொல், கரும்பறவை ஒன்றைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டாவது, மலபார் என்ற இடப்பெயர்.

இதில் ஒரு விந்தை. 'சியாமா' பெண்பால் சொல், கருமையோ ஆணுக்குத்தான். தலை, மார்பு, முதுகு எல்லாம் நீலம் மினுங்கும் கறுப்பு. வயிறு செங்காவி. வாலடி பளிச்சென்ற வெள்ளை, அதற்குக் கீழே நீண்டு தொங்கும் கரிய வால், அதன் ஓரங்களிலும் வெள்ளை. பெண்ணுக்குக் கறுப்பு இருக்கும் இடங்களில் சாம்பல் பழுப்பு, வாலும் குட்டை.

தமிழில் இதற்குச் சோலைபாடி என்று பெயர். வானம்பாடியைப் போன்ற சொல்லமைப்பு. இருப்பிடமும் குரலும் ஒரே சொல்லில் வந்துவிடுவதால் எனக்கு இதுவே பிடித்த பெயர். ஆனால் 'சோலை' என்றதும் நீலகிரி உச்சியின் சோலைக்காடுகளை நினைக்க வேண்டாம். இந்தப் பறவைக்குப் பிடித்தது மலையடிவாரக் காடு, அதிலும் மூங்கில் அடர்ந்த நிழல். முதுமலையிலும் ஆனைமலை அடிவாரத்திலும் பார்க்கலாம். பார்ப்பதைவிடக் கேட்பதுதான் சுலபம். தரையை ஒட்டிய புதருக்குள் பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும். ஆள் நெருங்கினால் 'டக் டக்' என்று அதட்டிவிட்டு, வெள்ளை வாலடி மின்ன உள்ளே பறந்துவிடும். பாட்டு விடியலிலும் அந்தியிலும். கனத்த, இழையும் குரல். நடுநடுவே மற்றப் பறவைகளின் குரலையும் எடுத்துப் பாடும். மரப்பொந்தில் பெண் தனியாகக் கூடு கட்ட, ஆண் அருகில் காவல் இருக்கும்.

நம் வீட்டுத் தோட்டங்களில் பாடும் கறுப்பு வெள்ளை வண்ணாத்திக்குருவி, அதாவது குண்டுக்கரிச்சான், இதே பேரினம். அதனால் இதைக் காட்டில் வாழும் அதன் உறவு என்று சொன்னாலும் சரிதான்.

இந்தக் குரலுக்கு ஒரு வரலாற்றுப் பெருமையும் உண்டு. உலகில் முதன்முதலாகப் பதிவான பறவைப் பாட்டு என்று அறியப்படுவது, 1889இல் ஜெர்மனியில் லுட்விக் காக் என்ற சிறுவன் மெழுகு உருளையில் பதிந்த சோலைபாடியின் பாட்டுதான். அதுவும் வளர்ப்புப் பறவை. அந்தக் கூண்டு வழக்கம் இன்னும் ஓயவில்லை. இந்தோனேசியாவில் 'முராய் பத்து' என்ற பெயரில் பாட்டுப் போட்டிகளுக்காகவே இதைப் பிடித்து விற்கிறார்கள். அங்கே பல காடுகளில் இது அரிதாகிவிட்டது. 2022இல்தான் இதன் பன்னாட்டு வணிகத்தை, காட்டுயிர் வணிகத்துக்கான உலக உடன்படிக்கையான சைட்டிஸ் ஒப்பந்தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.