எலிக்கு வந்தால் நமக்கும் வருமா?

லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவால் பாட், சிறுவயதில் புகைபோக்கிகளுக்குள் ஏறித் துப்புரவு செய்தவர்களுக்குப் பிற்காலத்தில் விதைப்பையில் புற்றுநோய் வருவதைக் கவனித்தார். அதற்குப் புகைக்கரியே காரணம் என்று 1775இல் எழுதினார். 1915இல் ஜப்பானின் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதுகளில் நிலக்கரித் தாரை விடாமல் தடவிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார்கள். ஒரு வேதிப்பொருளைச் சந்தேகிப்பவர்களுக்கு இன்றும் இவையே இரண்டு பெரிய வழிகள்: மனிதர்களைக் கவனிப்பது, விலங்குகளில் சோதிப்பது.

முதல் வழி வலுவானது, ஆனால் கொடூரமானது. மனிதர்கள் நோயுற்ற பிறகுதான் அது பேசும். பிவிசி பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான வினைல் குளோரைடு ஆலைத் தொழிலாளர்களுக்கு மிக அரிதான ஒருவகைக் கல்லீரல் புற்றுநோய் வந்தது 1974இல் வெளிப்பட்டது. அரிதான நோய் என்பதால்தான் கண்ணில் பட்டது. அதுவே நுரையீரல் புற்றுநோயாக இருந்திருந்தால், புகைபிடிப்பவர்களின் கணக்கில் கரைந்துபோயிருக்கக்கூடும்.

விலங்குச் சோதனையில், ஒவ்வோர் அளவுக்கும் வழக்கமாக 50 ஆண், 50 பெண் எலிகளுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அந்தப் பொருளைக் கொடுக்கிறார்கள். லட்சத்தில் ஒருவருக்கு வரும் ஆபத்து நூறு எலிகளில் தெரியாது. ஆகவே அளவை மிகவும் கூட்டுகிறார்கள். சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. சாக்கரின் என்ற செயற்கை இனிப்பை அதிகமாகத் தின்ற எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வந்தன. எலியின் சிறுநீரில் உருவாகும் படிகங்கள் பையின் உட்சுவரை உறுத்தியதே காரணம் என்றும், மனிதர்களிடம் அது நிகழ்வதில்லை என்றும் பின்னர் தெரிந்தது. ஆர்செனிக் கதை இதற்கு நேர்மாறு. விலங்குகளில் நெடுங்காலம் தெளிவான சான்று கிடைக்கவில்லை. தைவானில் ஆர்செனிக் கலந்த கிணற்று நீர் குடித்த மக்களிடம் கிடைத்தது. எலி தப்பித்ததால் நாமும் தப்பித்தோம் என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்து, எலிக்குக் கொடுத்த பெரிய அளவிலிருந்து நம் குடிநீரில் இருக்கும் துளி அளவுக்கு இறங்கி வர வேண்டும். இடையில் நேரடித் தரவு பெரும்பாலும் இருக்காது. டிஎன்ஏவைச் சிதைக்கும் பொருள் என்றால், எவ்வளவு குறைந்தாலும் கொஞ்சம் ஆபத்து உண்டு என்று கொண்டு, பூஜ்ஜியம்வரை நேர்கோடு வரைகிறார்கள். வேறு வழியில் பாதிக்கும் பொருள் என்றால், தீங்கு தெரியாத அளவைக் கண்டுபிடித்து அதைப் பெரும்பாலும் நூறால் வகுக்கிறார்கள்: எலிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து. இரண்டுமே உடலைக் காக்கும் பக்கம் சாயும் முடிவுகள். அப்படித்தான் சாய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிடும் பட்டியல்தான் அதிகமான பீதியைக் கிளப்புகிறது. புகையிலையும் பதப்படுத்திய இறைச்சியும் முதல் பிரிவிலேயே இருக்கின்றன. இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்று அதற்குப் பொருளில்லை. இரண்டுக்கும் சான்று உறுதியானது, அவ்வளவே. எவ்வளவு உட்கொண்டால் எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதை அந்தப் பிரிவுகள் சொல்வதில்லை. 2023இல் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் சேர்த்தபோது, உணவுச் சேர்க்கைப் பொருள்களை ஆராயும் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை.

குழந்தைகளுக்கு வேறு கணக்கு தேவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2005 முதல், மரபணுவைச் சிதைத்துப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுக்கு, தனித் தரவு இல்லாதபோது, இரண்டு வயதுக்கு உட்பட்டோரின் ஆபத்தைப் பத்து மடங்காகவும், இரண்டு முதல் பதினாறு வயதுக்கு உட்பட்டோரின் ஆபத்தை மூன்று மடங்காகவும் கணக்கிடச் சொல்கிறது.