விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் கேஸில் மாட்டுவோமா?

சாலையில் யாராவது அடிபட்டு விழுந்தால் கூட்டம் கூடுகிறது. தூக்குவதற்குக் குனிபவர்கள் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் இரக்கமற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. 'ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய விடுவாங்க, ஆஸ்பத்திரியில பணம் கட்டச் சொல்வாங்க, வழியில ஏதாவது ஆயிட்டா நம்ம தலையில விழும்' என்ற மூன்று பயங்கள் அவர்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. இந்த மூன்றுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. அது பலருக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் குறை.

மூன்றாவது பயத்தை முதலில் பார்க்கலாம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு, தானாக முன்வந்து, கூலியோ பரிசோ எதிர்பாராமல் விபத்து நடந்த இடத்தில் முதலுதவி செய்பவரை, அல்லது அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவரை, அந்தச் சட்டம் 'குட் சமாரிட்டன்' என்கிறது. நீங்கள் தூக்கியதிலோ செய்த முதலுதவியிலோ கவனக்குறைவு இருந்து, அதனால் அடிபட்டவருக்குக் காயம் கூடினாலும், அவர் இறந்தே போனாலும், உங்கள் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வண்டியை மோதிய ஓட்டுநருக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பது அவருக்கு அதே சட்டத்தின் 134-ஆம் பிரிவு விதித்த கடமை.

அடுத்தது போலீஸ். 'சேவ் லைஃப்' என்ற தொண்டு நிறுவனம் தொடுத்த வழக்கில் 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதற்கான வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலுக் கொடுத்தது. பிறகு 2020 செப்டம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 168, 169 என்று இரண்டு விதிகள் வந்தன. உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர் எதையும் சொல்லும்படி போலீஸ்காரரோ வேறு யாருமோ கட்டாயப்படுத்தக் கூடாது. நீங்களாக விரும்பினால் சொல்லலாம். மருத்துவமனையில் ஏ.ஆர். என்ட்ரி (விபத்துப் பதிவேட்டில் பதிவு) போடும்போது 'கூட்டிட்டு வந்தது யாரு?' என்று கேட்பார்கள். அதற்கும் இதே விதிதான். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் அப்படியே சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

சாட்சி சொல்ல நீங்களே ஒப்புக்கொண்டால்? அப்போதும் உங்கள் வசதிதான் கணக்கு. உங்கள் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ, உங்களுக்குத் தோதான நேரத்தில், அதிகாரி சீருடை இல்லாமல் வந்து விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். நீங்கள் போனால் ஒரே விசாரணையில், தாமதமில்லாமல் முடித்து அனுப்ப வேண்டும். 'நாளைக்கு வாங்க, ஐயா இல்ல' என்பதற்கு விதியில் இடமில்லை. இது எல்லா ஸ்டேஷனிலும் நடக்கிறதா என்று கேட்டால் நானும் சிரிக்கத்தான் செய்வேன். ஆனால் விதியின் எண்ணைச் சொல்லிப் பேசுபவரிடம் எதிரில் இருப்பவரின் குரல் மாறும்.

இனி பணம். அடிபட்டவரின் உறவினராக இல்லாத வரை, அட்மிஷன் சீட்டுக்கோ பதிவுக்கோ உங்களிடம் பணம் கேட்கக் கூடாது, உங்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. பணியில் உள்ள மருத்துவர் எந்த நடைமுறைக்கும் காத்திராமல் உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். 'போலீஸ் வரட்டும்' என்று நோயாளியைக் காக்க வைக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. குட் சமாரிட்டனின் உரிமைகளை மருத்துவமனை வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதி. அடுத்த முறை போகும்போது அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, சிகிச்சைச் செலவு யார் தலையில்? தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தேவையில்லை, வருமான வரம்பும் இல்லை. லாரி ஓட்டி வந்த பீகார்க்காரருக்கும் உண்டு, வெளிநாட்டுப் பயணிக்கும் உண்டு. தொடக்கத்தில் 81 வகை சிகிச்சைகளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று இருந்தது. உச்சவரம்பு பின்னர் 2 லட்சமாக உயர்ந்தது. 48 மணி நேரம் கழிந்ததும் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அந்தக் காப்பீட்டிலேயே தொடரலாம். அட்டை இல்லாதவர் நிலை தேறியிருந்தால் அரசு மருத்துவமனைக்கு மாறலாம், அங்கேயே இருக்க விரும்பினால் சொந்தச் செலவில் தொடரலாம். குடும்பத்தார் குழம்பிப்போய் நிற்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஆகவே இரண்டாம் நாள் காலையிலேயே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இதைப் பேசிவிடுவது நல்லது.

மாநில எல்லையைத் தாண்டி அடிபட்டால் இந்தத் திட்டம் வராது. அங்கே 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த கட்டணமில்லா சிகிச்சைத் திட்டம் கைகொடுக்கும். விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை.

இவ்வளவு உரிமையும் கையில் இருந்தாலும் முதல் பத்து நிமிடத்தில் தப்பாகக் கை வைத்தால் பயனில்லை. முதலில் 108-க்குப் போன். பக்கத்து மைல்கல்லையோ பெட்ரோல் பங்க்கையோ அடையாளம் சொல்லுங்கள். பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த ஒருவரை அனுப்புங்கள். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துண்டை வைத்துப் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். நனைந்தால் மேலேயே இன்னொரு துணியை வையுங்கள். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதீர்கள். மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாத வரை ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். சோடா, தண்ணீர் எதுவும் வேண்டாம். அரை மயக்கத்தில் அது மூச்சுக்குழலுக்குள் போகும், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கும் தொல்லை. கையை ஒருவர் காலை ஒருவர் பிடித்து ஆட்டோவில் மடக்கித் திணிப்பது முதுகுத்தண்டை முறித்துவிடக்கூடும். தீப்பிடிக்கும் அபாயம் போன்ற கட்டாயம் இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் இருப்பதே மேல். மூச்சே இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழம் அமுக்கி விடுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு 108 ஊழியர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே செய்யலாம்.

பரிசுத் தொகை பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் பலத்த காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு மத்திய அரசு 2021-இல் 5,000 ரூபாய் அறிவித்தது. 2025-இல் 'ராஹ்வீர்' என்ற பெயரில் அது 25,000 ஆனது. பெரிய அறுவை சிகிச்சை, மூளை அல்லது தண்டுவடக் காயம், குறைந்தது 3 நாள் உள்நோயாளியாக இருப்பது போன்ற நிலை இருந்தால்தான் தகுதி. பலர் சேர்ந்து ஒருவரைக் காப்பாற்றினால் தொகையைப் பங்கிட்டுத் தருவார்கள். மாவட்ட அளவிலான குழு பரிசீலித்த பிறகே பணம் வரும் என்பதால் இதற்கு மட்டும் உங்கள் பெயரையும் முகவரியையும் போலீஸிலோ மருத்துவமனையிலோ பதிவு செய்தாக வேண்டும். வேண்டாம் என்றால் பெயர் சொல்லாமலே வீட்டுக்குப் போகலாம்.