ஒற்றைக் கை வாளின் தடிமன் கணக்கு

லண்டனின் வாலஸ் தொகுப்பிலோ லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்திலோ கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் இடைக்கால ஐரோப்பிய வாளை எதிரே நின்று பார்ப்பவர், அதன் நீளத்தையும் அகலத்தையும் அறியலாமே தவிர, தடிமனை அறிய முடியாது. படத்தைப் பார்த்துச் செய்யப்படும் மாதிரி வாள்கள் தவறுவது பெரும்பாலும் இந்தத் தடிமனில்தான்.

13ஆம் நூற்றாண்டில் ஒரு கையால் வீசப்பட்ட வாள், பலரும் எண்ணுவதுபோல் பெருஞ்சுமையன்று. பெரும்பாலும் 1 முதல் 1.4 கிலோ எடைதான். கைக்காப்பின் அருகே ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிமனில் தொடங்கும் அலகு, அதாவது வாளின் வெட்டும் தகடு, நுனியை நெருங்குகையில் அதில் பாதியளவுக்கு மெலிந்துவிடும். சுழலும் பொருளின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சியை எதிர்க்கும் தன்மை, தொலைவின் இருமடியைப் (வர்க்கத்தைப்) பொறுத்தது என்பதால், மணிக்கட்டிலிருந்து 80 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள 10 கிராம் எஃகு, 20 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள 160 கிராமுக்கு இணையாகச் சுழற்சியை எதிர்க்கிறது. ஆகவே நுனிவரை ஒரே தடிமனுள்ள மாதிரி, எடையில் மூலத்தோடு ஒத்திருந்தாலும், கையில் கடப்பாரையைப் போலவே இருக்கும்.

பிடியின் கடைசியில் உள்ள குமிழ், எடை மையத்தைக் கையை நோக்கி இழுக்கிறது. ஆனால் மெலியாத அலகின் குறையைக் கனத்த குமிழால் ஈடுகட்ட முடியாது. சமநிலைப் புள்ளி சரியான இடத்துக்கு வரும், நுனியின் எடையோ அங்கேயே இருக்கும். அலகின் நடுவே ஓடும் பள்ளமும் எடையைக் குறைக்கவே உள்ளது. குருதி வடிவதற்காக என்பது வெறும் கதை.

வாள் இலக்கில் மோதியதும் அலகு முழுவதும் அதிர்கிறது. எனினும் அதிர்வு ஏறத்தாழ இல்லாத கணுக்கள் இரண்டு உண்டு. நல்ல வாளில் ஒரு கணு பிடிக்குள் விழுவதால், கைக்கு நடுக்கம் மிகக் குறைவாகவே எட்டும். குமிழை உள்ளங்கையால் தட்டி, அலகு எங்கே அசையாமல் நிற்கிறது என்று பார்த்தால் மற்றொரு கணு தெரிந்துவிடும். எனக்கு இந்த எளிய சோதனை எந்த அலங்கார வேலைப்பாட்டையும்விட அழகானது.

இன்றைய மாதிரிக்கு 0.6 விழுக்காட்டை ஒட்டிய கரிமமுள்ள சுருள்வில் எஃகு ஏற்றது. அதை 800 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் மார்ட்டென்சைட் என்னும் மிகக் கடினமான, எளிதில் நொறுங்கும் அமைப்பு உருவாகிறது; பின்னர் மிதமாகச் சூடேற்றும்போது கடினம் சற்றுக் குறைந்து உறுதி கூடுகிறது. இந்தப் பதப்படுத்தல் அலகின் விறைப்பை மாற்றுவதில்லை. வளைந்த அலகு கோணிப்போகாமல் மீளும் எல்லையைத்தான் உயர்த்துகிறது. விறைப்பு தடிமனின் மும்மடியைச் சார்ந்தது. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

அலகோடு ஒரே துண்டாக அடிக்கப்பட்ட காம்பு, பிடியையும் குமிழையும் ஊடுருவிச் சென்று, கடைசியில் தறையாணி போல் அடித்து மடக்கப்பட வேண்டும். சுவரில் மாட்டும் வாள்கள் பலவற்றில் துருப்பிடிக்காத எஃகு அலகோடு மெல்லிய கம்பியொன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். வலிந்து வீசினால் அந்தப் பற்றவைப்பு முறிந்து, அலகு மட்டும் பறந்து சென்று அருகில் நிற்பவரைத் தாக்கக்கூடும்.