எடை குறையாத நடை என்ன செய்கிறது?

"மூணு மாசமா நடக்கிறேன். ஒரு கிலோகூடக் குறையல. இதுக்கு எதுக்கு விடியக்காலையில எழுந்திருக்கணும்?" என்று சித்தப்பா கேட்டார். மதுரை தெப்பக்குளத்தைத் தினமும் மூன்று சுற்று நடந்தவர். தொடங்கியபோது 78 கிலோ, மூன்று மாதம் கழித்து எழுபத்தேழரை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டார்.

இதே காரணத்தைச் சொல்லி நடையை நிறுத்தியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். நடை தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. அந்த வேலை எடை மிஷினில் தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் அவருடைய கணக்கையே பார்ப்போம். தெப்பக்குளத்தை மூன்று சுற்று நடந்தால் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர். 78 கிலோ எடையுள்ளவர் அவ்வளவு தூரம் நடக்க 150 முதல் 200 கிலோ கலோரி வரை செலவாகும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி செலவாக வேண்டும். அதாவது, சாப்பாட்டில் ஒரு கவளம்கூடக் கூடாமல் இருந்தால் நாற்பது, ஐம்பது நாளில் ஒரு கிலோ குறையும். நடை முடிந்ததும் கடையில் சர்க்கரை போட்ட ஒரு டீயும் ஒரு மெதுவடையும் சாப்பிட்டால் அந்த 200 அங்கேயே திரும்ப வந்துவிடும்.

போதாததற்கு உடம்பும் தன் பங்குக்குச் சிக்கனம் பிடிக்கும். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் ஒருநாள் ஆற்றல் செலவை ஹெர்மன் பாண்ட்சர் குழுவினர் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். தினமும் பல கிலோமீட்டர் நடக்கிற அவர்களுக்கும், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அமெரிக்கர்களுக்கும், உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், மொத்தச் செலவில் பெரிய வித்தியாசமே இல்லை. உழைப்பு கூடினால் உடம்பு வேறு இடங்களில் செலவைச் சுருக்கிக்கொள்கிறது என்பது அவருடைய விளக்கம். ஆக, நடையால் மட்டும் எடை அவ்வளவாகக் குறையாதது சித்தப்பாவின் குறை இல்லை.

எடை மிஷினும் கொழுப்பை மட்டும் அளப்பதில்லை. தசையும் ஈரலும் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். பட்டினி கிடந்தால் முதல் வாரத்தில் மளமளவென்று எடை இறங்குவதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். வேர்வையில் போவதும் தண்ணீர்தான். கொழுப்பு அந்த வழியாக வெளியேறுவதில்லை, பெரும்பாலும் மூச்சில் போகிறது. பத்துக் கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகும், மீதி 1.6 கிலோ தண்ணீராகும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014இல் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள்.

சரி, எடை குறையாவிட்டால் நடையால் என்ன பயன்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் லண்டன் பஸ்ஸில் இருக்கிறது.

1940களின் இறுதியில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் ஏறத்தாழ 31,000 பேரின் உடல்நிலையை ஆராயத் தொடங்கினார். டிரைவர் பணிநேரம் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டரோ மாடி பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் ஏறி இறங்குவார். இருவரும் ஒரே மாதிரியான குடும்பப் பின்னணியிலிருந்து வந்தவர்கள், ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். ஆனாலும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. 1953இல் இது வெளியானதும், டிரைவர்கள் குண்டாக இருப்பார்கள், அதுதான் காரணம் என்று ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. மோரிஸ் என்ன செய்தார் தெரியுமா? சீருடை தைப்பதற்காக எடுத்த இடுப்பளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியான டிரைவரை ஒல்லியான கண்டக்டரோடும், பருத்த டிரைவரைப் பருத்த கண்டக்டரோடும் ஒப்பிட்டபோதும் கண்டக்டர் பக்கமே பாதுகாப்பு இருந்தது. தொந்தி உள்ள கண்டக்டரையும் அந்தப் படிகள் காத்தன.

நம் ஊரிலேயே இதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கண்காணித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு குழுவுக்குத் தினமும் அரைமணி நேரமாவது வேகநடை, சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்த சாப்பாடு. முதல் குழுவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடந்த குழுவில் 39 பேருக்கு. இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்பும் விஷயம், அந்தக் குழுவின் சராசரி எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை என்பது. சித்தப்பா மாதிரியேதான் அவர்களும் மிஷினில் ஏறி இறங்கியிருப்பார்கள்.

அப்படியென்றால் உள்ளே என்ன நடக்கிறது?

நம் ரத்தம் முழுவதிலும் எந்த நேரத்திலும் இருக்கிற சர்க்கரை ஏறத்தாழ ஐந்து கிராம், ஒரு டீஸ்பூன். ஒரு தட்டில் 250 கிராம் சோறு போட்டுச் சாப்பிட்டால் செரித்து வருகிற சர்க்கரை 70 கிராம். டீஸ்பூன் கொள்ளும் இடத்துக்குப் பதினான்கு டீஸ்பூன் வந்து இறங்குகிறது. அதை உடனே எங்காவது கொண்டுபோய் வைத்தாக வேண்டும். ஈரலில் ஏறத்தாழ 100 கிராமுக்கு இடம் உண்டு. பெரிய கிடங்கு தசைதான். எல்லாத் தசையும் சேர்ந்து 400 கிராம்வரை பிடிக்கும்.

இந்தக் கிடங்குக்குக் கதவு உண்டு. குளுட்-4 என்ற புரதம்தான் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பும் கதவு. சும்மா இருக்கும்போது இந்தக் கதவுகள் செல்லுக்குள்ளே சின்னச் சின்னப் பைகளில் மடங்கிக் கிடக்கும். சாப்பிட்டதும் கணையம் இன்சுலினை அனுப்புகிறது. அது செல்லின் மேல் வந்து தட்டியதும் கதவுகள் செல்லின் ஓரத்துக்கு வந்து திறக்கின்றன. சர்க்கரை நோயின் தொடக்கத்தில் பழுதாவது இந்தத் தட்டல்தான். இன்சுலின் எவ்வளவு தட்டினாலும் உள்ளே சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாக அனுப்புகிறது, பல ஆண்டுகள் அப்படியே போராடிக் களைத்துப் போகிறது.

ஆனால் கதவைத் திறக்க இன்னொரு வழியும் உண்டு. தசை சுருங்கி விரிந்தாலே போதும், இன்சுலின் தட்டாமலேயே கதவுகள் ஓரத்துக்கு வந்துவிடும். சர்க்கரை நோயாளியின் தசையிலும் இந்த இரண்டாவது வழி பழுதாகாமல் இருக்கிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது. ஒரு வழி அடைபட்டவருக்கு இன்னொரு வழி திறந்தே இருக்கிறது, அதைத் திறக்க ஒரு ஜோடி கால் போதும். சாப்பிட்டு அரைமணிக்குள் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் ஏறுகிற சர்க்கரை குறைவாக ஏறுவது இதனால்தான்.

கிடங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தசைக்குள் போன சர்க்கரை மறுபடி ரத்தத்துக்குத் திரும்பாது, அந்தத் தசையே எரித்தால்தான் இடம் காலியாகும். எப்போதும் உட்கார்ந்தே இருப்பவரின் கிடங்கு நிரம்பியே இருக்கும். அடுத்த வேளைச் சோற்றுக்கு அங்கே இடமில்லை என்றால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்ளத் தொடங்கும். ஸ்கேனில் "ஃபேட்டி லிவர்" என்று எழுதி வருவதன் பின்னால் பல நேரம் இந்தக் கதை இருக்கிறது. ஒருநாள் நடையால் கிடைக்கிற இன்சுலின் உணர்திறன், அதாவது இன்சுலின் தட்டுவது தசைக்குக் கேட்கிற திறன், ஒன்றிரண்டு நாள் நிற்கும், அப்புறம் மங்கிவிடும். அதனால் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

மாதக்கணக்கில் தொடர்ந்தால் தசையின் அடுப்புகளே பெருகும். எலிகளைப் பல வாரம் ஓடவிட்டு, தசையில் ஆற்றல் உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாவின் என்சைம்கள் ஏறத்தாழ இரு மடங்கானதை ஜான் ஹாலோசி 1967இல் காட்டினார். முன்பு மூச்சு வாங்கிய மாடிப்படி மூன்று மாதத்தில் சாதாரணமாகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்மவர்களுக்குத் தசை பற்றிய கவலை கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். புனேயின் டாக்டர் யாஞ்ஞிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் 2004இல் தங்கள் இருவரின் படத்தையே ஆய்விதழில் போட்டார்கள். உயரத்துக்கு எவ்வளவு எடை என்று காட்டும் உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஞ்ஞிக்குக்கு 21.2 சதவீதம். யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர் என்பதையும் அவர்களே குறிப்பிட்டிருந்தார்கள். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்த உடல்வாகு நம் நாட்டில் நிறைய. எனவே எடையைவிட இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பார்ப்பது பயன் தரும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

எடையே குறைய வேண்டும் என்றால் அதற்கான இடம் தட்டு. அமெரிக்காவில் கெவின் ஹால் 20 பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பாக்கெட் உணவும் இரண்டு வாரம் சமைத்த உணவும் கொடுத்துப் பார்த்தார். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமல் நாளுக்கு ஏறத்தாழ 500 கிலோ கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது. நம் வீட்டுச் சாப்பாட்டில் சிக்கல் வேறு மாதிரி. சோறு மலை மாதிரி இருக்கும், பொரியல் ஒரு கரண்டி, பருப்பு குழம்பின் அடியில். அந்த விகிதத்தை மாற்றினாலே பெரிய காரியம். பொரியலும் கூட்டும் இரண்டு கரண்டி கூடட்டும், சுண்டலோ முட்டையோ மீனோ ஒன்று தட்டில் இருக்கட்டும், சோறு கடைசியில் வரட்டும். காயும் பருப்பும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், பசியும் சீக்கிரம் அடங்கும்.

சாப்பாட்டை மட்டும் குறைத்து எடையை இறக்கினால் இறங்குவதில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாத திசு, அதில் தசையும் அடக்கம். கிடங்கையே இடித்து விற்பது போல. அதைத் தடுக்க வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பாரம் கொடுக்க வேண்டும். ஜிம்முக்குப் போக வசதியில்லாவிட்டால் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் கேனைத் தூக்கி மாடியேறுவது எல்லாமே பாரம்தான். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், நெஞ்சுவலி வந்தவர்கள், டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை. வீட்டில் சர்க்கரை பார்க்கிற மீட்டர் இருந்தது. ஒருநாள் இரவு நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு டிவி முன் உட்காருங்கள், ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், மறுநாள் அதே நாலு இட்லி, அதே சட்னி, அதே நேரம், ஆனால் இருபது நிமிடம் நடந்துவிட்டுப் பாருங்கள் என்றேன். இரண்டு எண்ணையும் சித்தி காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். மூன்றாம் நாள் இரவு நான் போன் செய்தபோது சித்திதான் எடுத்தார். "அவர் மொட்டை மாடியில நடந்துக்கிட்டிருக்கார்ப்பா, அப்புறம் பேசச் சொல்றேன்."