ஃபஸ் பெடலில் டிரான்சிஸ்டரை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் தாமே கட்டிய ஃபஸ் பெடலை (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கால்மிதிப் பெட்டி) என்னிடம் கொண்டுவந்தார். பெடலில் பழுது ஒன்றும் இல்லை. அதன் ஒலி அவருக்கு அவ்வளவு பிடித்திருந்ததால் அதே போல இன்னொன்று கட்ட விரும்பினார். அதே டிரான்சிஸ்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்கத்தான் வந்திருந்தார். "ஏசி128 அண்ணா, பழைய ஜெர்மானியம். சிலிக்கானில் இந்த இதம் வராது" என்று சொல்லிக்கொண்டே மூடியைக் கழற்றினார். ஜெர்மானியமும் சிலிக்கானும் டிரான்சிஸ்டர் செய்யப் பயன்படும் இரு பொருள்கள்.

சாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவி, மல்டிமீட்டரை டையோடு அளவில் வைத்து, டிரான்சிஸ்டரின் மூன்று கால்களான பேஸ், எமிட்டர், கலெக்டரில் முதல் இரண்டிலும் முனைகளைத் தொட்டேன். 0.64 வோல்ட். அடுத்தது 0.65. ஜெர்மானியமாக இருந்தால் அங்கே 0.2, மிஞ்சினால் 0.3 காட்டும். இரண்டுமே சிலிக்கான். உலோகக் கூட்டின் மேல் இருந்த பழைய எழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டுப் புதிதாக அச்சிட்டிருந்தார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது தேய்த்த கோடுகள் தெரிந்தன.

அவர் முகம் வாடிவிட்டது. பெரிய விலை கொடுத்திருந்தார். ஆனால் அவருடைய காது அவரை ஏமாற்றவில்லை என்பதை அன்றே அவருக்குக் காட்ட முடிந்தது. இரண்டின் பெருக்கத்தையும், அதாவது பேஸ் மின்னோட்டத்தை எத்தனை மடங்காக்குகிறது என்பதையும், அளந்தோம்: 85, 110. சிலிக்கானுக்கு இது மிகக் குறைவு. டிரிம்பாட்டை (திருகி மாற்றும் சிறு மின்தடை) திருகி வோல்ட்டேஜையும் பொறுமையாகச் சரிசெய்து வைத்திருந்தார். அவர் கேட்ட இதம் அந்த இரண்டு காரியங்களால் வந்தது. இதே கதை வெவ்வேறு வடிவங்களில் என் மேசைக்கு வந்துகொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் ஃபஸ் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தொடங்குவது ஃபஸ் ஃபேஸ் சுற்றில். 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் (பின்னாளில் டல்லாஸ் ஆர்பிட்டர்) வெளியிட்ட வட்டப் பெடல் அது. முதலில் என்கேடி275 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், பிறகு பிசி183, பிசி108, பிசி109 போன்ற சிலிக்கான்கள் அதில் வந்தன. இரண்டே டிரான்சிஸ்டர், நான்கு மின்தடை, மூன்று கெப்பாசிட்டர், இரண்டு குமிழ், அவ்வளவுதான். உறுப்புகள் இவ்வளவு குறைவாக இருப்பதால் டிரான்சிஸ்டரின் குணம் மறைய இடமில்லாமல் வெளியே வந்து நிற்கிறது. 1969இல் வந்த பிக் மஃப் அப்படி அல்ல. அதில் நான்கு டிரான்சிஸ்டர்கள் இருந்தாலும் ஒலியின் முனைகளை வெட்டும் வேலையை டையோடுகள் செய்கின்றன. ஒவ்வொரு நிலையிலும் பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதி உள்ளீட்டுக்கே திரும்புவது) இருப்பதால் டிரான்சிஸ்டரை மாற்றினாலும் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. அந்தச் சுற்றுக்காக அரிய டிரான்சிஸ்டர் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

ஃபஸ் ஃபேஸில் ஒன்றை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகி உடனே ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்வது. அந்த ஒப்பீடு ஏன் செல்லாது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரில், 9 வோல்ட் பேட்டரியின் பாதியான 4.5 வோல்ட் அளவுக்கு நிற்க வேண்டும். அந்தக் கலெக்டரில் 8.2 கிலோ ஓமும் 470 ஓமும் தொடராக இருக்கின்றன. எமிட்டரில் 1 கிலோ ஓம் குமிழ். பெருக்கம் 80 உள்ள ஜெர்மானியத்தை முதல் இடத்தில் வைத்தால் இரண்டாவதின் எமிட்டரில் ஏறத்தாழ அரை வோல்ட் வரும். அதாவது அரை மில்லி ஆம்பியர். கலெக்டரில் 4.7 வோல்ட் அளவில் நின்றுவிடும். அதே பலகையில் பெருக்கம் 400 உள்ள சிலிக்கானைச் செருகினால் எமிட்டரில் 0.66 வோல்ட் ஆகிறது, மின்னோட்டம் கூடுகிறது, கலெக்டர் 3.3 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. அலையின் ஒரு பக்கம் முன்பே தரை தட்டி வெட்டுப்படுகிறது. அப்போது நீங்கள் கேட்கும் வேறுபாட்டில் எவ்வளவு டிரான்சிஸ்டருடையது, எவ்வளவு இடம் மாறிய வோல்ட்டேஜுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 8.2 கிலோ ஓமுக்குப் பதிலாக 10 கிலோ ஓம் டிரிம்பாட் ஒன்றைப் போடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கலெக்டரை 4.5க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் கிட்டாரைத் தொட வேண்டும்.

அடுத்து கசிவு. ஜெர்மானியத்தில் பேஸுக்கு ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் கலெக்டர் வழியே கொஞ்சம் மின்னோட்டம் ஒழுகிக்கொண்டிருக்கும். மல்டிமீட்டரில் டிரான்சிஸ்டர் செருகும் துளைகள் இந்த ஒழுகலையும் பெருக்கம் என்று சேர்த்துக் காட்டிவிடுகின்றன. "மீட்டரில் 140 காட்டியது, ஆனால் ஒலி மந்தமாக இருக்கிறது" என்று வருகிறவர்களில் பலர் இதில்தான் ஏமாந்திருக்கிறார்கள். சரியாக அளப்பது கடினம் அல்ல. 9 வோல்ட் பேட்டரி, கலெக்டரில் 2.4 கிலோ ஓமுடன் தொடராக 68 ஓம், பேஸில் 2.2 மெகா ஓம். முதலில் பேஸை இணைக்காமல் கலெக்டர் மின்தடைகளின் குறுக்கே வோல்ட்டேஜைப் பாருங்கள், அது கசிவு. பிறகு பேஸை இணைத்துப் பாருங்கள். பேஸில் ஏறத்தாழ 4 மைக்ரோ ஆம்பியர் போவதால் கூடிய ஒவ்வொரு வோல்ட்டும் 100 பெருக்கம். முதலில் 0.5, பிறகு 1.4 என்றால் உண்மைப் பெருக்கம் 90. கசிவு 200 மைக்ரோ ஆம்பியர். கசிவு 300ஐத் தாண்டினால் நான் அதை ஃபஸ்ஸில் போடுவதில்லை. முதல் இடத்துக்கு 70 முதல் 90, இரண்டாவதற்கு 100 முதல் 130 என்பது எனக்குப் பிடித்த ஜோடி.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டிரான்சிஸ்டரை விரல்களால் பிடித்துச் செருகிவிட்டு உடனே மீட்டரைப் பார்த்தால் எண் நிலையாக நிற்காது. விரலின் சூடு கூட்டுக்குள் போயிருக்கும். 0.41, 0.39, 0.36 என்று அது ஆறிக்கொண்டே இறங்குவதை உட்கார்ந்து பார்க்கலாம். பத்து டிகிரி செல்சியஸ் கூடினாலே கசிவு இரண்டு மடங்காகிவிடும். அதனால்தான் வெயிலில் திறந்த மேடையில் வைத்த ஜெர்மானியம் பெடல், சுரத்தின் வால் பகுதியில் கரகரத்து அறுந்துபோகிறது: கசிவு கூடக் கூட இரண்டாம் டிரான்சிஸ்டரின் மின்னோட்டம் குறைந்து, கலெக்டர் பேட்டரி வோல்ட்டேஜை நோக்கி நகர்ந்துவிடுகிறது. பெடல் கெட்டுப்போய்விட்டதாக நினைத்துத் தூக்கிவருவார்கள். நிழலில் அரை மணி நேரம் வைத்தால் பழையபடி பாடும். கண்ணாடிக் கூட்டில் வரும் ஓசி வகை பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களின் மேல் பூசிய கறுப்புச் சாயத்தையும் சுரண்டிவிடாதீர்கள். ஒளி பட்டால் அவற்றின் கசிவு கூடும். ஓசி71இன் சாயம் பூசாத வடிவமே ஓசிபி71 என்ற பெயரில் ஒளி உணரும் உறுப்பாக விற்கப்பட்டது.

இனிச் சிலிக்கான். இங்கே கால்களின் வரிசைதான் பெரிய பொறி. தட்டைப் பக்கம் நம்மை நோக்கியும் கால்கள் கீழேயும் இருக்கப் பிடித்தால், 2என்3904இல் இடமிருந்து வலம் எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி549இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். பிசி183க்கும் பிசி183எல்லுக்கும்கூட வரிசை வேறு. ஒரே சாக்கெட்டில் ஒரே திசையில் இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகினால் ஒன்று தலைகீழாக உட்கார்ந்துவிடும். தலைகீழானாலும் டிரான்சிஸ்டர் வேலை செய்யும், பெருக்கம் மட்டும் படுத்துவிடும். ஒலி வருவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. "பிசி549 ஃபஸ்ஸுக்கு ஆகாது, மெலிந்த ஒலி" என்று ஒருவர் பல வருடங்களாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பெடலைத் திறந்து காலை மாற்றி வைத்துக் காட்டினேன், அறை அதிர்ந்தது.

சரியாகச் செருகிய சிலிக்கானில் இரண்டு வேறுபாடுகள் உண்மையாகவே உண்டு. பெருக்கம் அதிகம், அதனால் சுரம் நீளும், இரைச்சலும் கூடும். உச்ச அதிர்வெண்களும் அதிகம். பழைய ஜெர்மானியத்தின் உட்புறக் கொள்ளளவு பெரிது. அதை மில்லர் விளைவு பல மடங்காக்கிக் கூர்மையைத் தானாகவே மழுக்கிவிடும். சிலிக்கானில் அந்த வேலையை நாம் செய்யலாம். பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே 100 பிக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தால் கீச்சுத்தன்மை அடங்கும். சின்னஞ்சிறு உறுப்பு, ஒரு ஜோடி அரிய டிரான்சிஸ்டர் செய்வதாகச் சொல்லப்படும் வேலையில் பாதியை இது செய்துவிடுகிறது.

ஒப்பிடும் விதத்திலும் கவனம் வேண்டும். சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நம் காதுக்கு எப்போதுமே நல்லதாகப் படும். ஆகவே வால்யூமை மீட்டர் வைத்துச் சமப்படுத்துங்கள். மாற்றுகிற வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து வாசியுங்கள். பதிவுசெய்த ஒரு துண்டை லூப்பரிலிருந்து (பதிவைத் திரும்பத் திரும்ப இயக்கும் பெடல்) அனுப்பி ஒப்பிடலாமே என்று கேட்பார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபஸ் ஃபேஸின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு, அதாவது அது கிட்டாரிலிருந்து நிறைய மின்னோட்டத்தை இழுக்கும். கிட்டார் பிக்கப்பின் கம்பிச் சுருளும் அந்தச் சுற்றில் ஓர் உறுப்பு போலவே சேர்ந்து இயங்குகிறது. லூப்பரோ, கிட்டாரைச் சுற்றிலிருந்து பிரித்துவைக்கும் பஃபரோ நடுவில் வந்தால் அந்த உறவு அறுந்து ஒலி கூசும். கையால்தான் வாசிக்க வேண்டும்.

இத்தனையும் சமப்படுத்திய பிறகு என்ன மிஞ்சுகிறது? ஃபஸ் குமிழ் முழுதாக இருக்கும்போது, பெருக்கமும் வோல்ட்டேஜும் ஒத்த ஜெர்மானியத்தையும் சிலிக்கானையும் என்னால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. கிட்டாரின் வால்யூமைப் பாதிக்குக் குறைத்து மெல்ல வருடும்போது மட்டும் ஜெர்மானியத்தில் ஒரு கனிவு எனக்குக் கேட்கிறது. அதற்காக விலை கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள், டையோடு அளவில் 0.64 காட்டவில்லை என்று உறுதிசெய்துவிட்டு. பிஎன்பி வகை (மின்னோட்டம் எதிர்த் திசையில் ஓடும் டிரான்சிஸ்டர்) ஜெர்மானியம் பெடல் பெரும்பாலும் நேர்முனை தரையோடு இணைந்தது. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் மின்சாரம் ஷார்ட் ஆகிவிடும். அதற்குத் தனிப் பேட்டரி வையுங்கள்.

அந்த இளைஞருக்கு இரண்டாவது பெடலும் கட்டினோம். என் டிராயரிலிருந்த பிசி108ஏ குவியலை ஒவ்வொன்றாக அளந்து நான்கு ஜோடி எடுத்து வைத்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரே வாசிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தார். நான் மாற்றி, திருகி, அளந்து, தலையசைத்தேன். மூன்றாவது ஜோடியில் நிறுத்தினார். மறுபடி கலைத்துப்போட்டு வைத்தோம். மறுபடியும் அதையே எடுத்தார். மூடியின் உட்புறம் ஒட்டிய சீட்டில் டிரான்சிஸ்டரின் பெயரோடு அவரே எழுதிக்கொண்டார்: 115, 140, கலெக்டர் 4.6 வோல்ட், 100 பிக்கோ ஃபாரட், அறை வெப்பம் 29 டிகிரி.