வெள்ளத்தில் நின்ற மின் ஸ்கூட்டரை சார்ஜ் போடாதீர்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு, கடலூரில் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. வடிந்த பிறகு எங்கள் பட்டறைக்கு வந்த போன்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணே, சீட்டு வரைக்கும் தண்ணில நின்னுச்சு. ரெண்டு நாள் வெயில்ல வச்சுட்டேன், சார்ஜ் போடலாமா?"

போடக் கூடாது. மேலே காய்ந்துவிட்டதை நம்பவே முடியாது. நம் பக்கம் வெள்ளம் என்றால் ஆற்று நீரோடு கடல் உப்பும் சாக்கடையும் கலந்து வரும். தண்ணீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் போர்டிலும், செல்களை இணைக்கும் நிக்கல் பட்டைகளிலும் அது படிந்து, கடற்காற்றின் ஈரத்தை இழுத்து, மின்சாரம் கசிய வழி செய்துவிடும். அரிப்பு முற்றி எங்காவது ஷார்ட் ஆனால் ஒரு செல் சூடாகும். ஒரு கட்டத்துக்கு மேல் சார்ஜரைக் கழற்றினாலும் சூடு நிற்காது, செல்லே தன்னைச் சூடாக்கிக்கொண்டு பக்கத்துச் செல்லையும் பற்றவைக்கும். இதெல்லாம் நனைந்து சில வாரம் கழித்தும் நடக்கலாம். அமெரிக்காவில் 2022-இல் இயன் புயலுக்குப் பின், கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில இப்படித்தான் எரிந்தன.

"தண்ணி உள்ளே போகாதுன்னு பேட்டரில ஐபி67 போட்டிருக்கே" என்பார்கள். சோதனைக்கூடத்தில் ஒரு மீட்டர் ஆழத்தில், 30 நிமிடம், நல்ல தண்ணீரில் வைத்துத் தரும் சான்று அது. பகல் இரவாக நின்ற வெள்ளத்துக்கு, அதுவும் நாலு வருடம் பள்ளத்தில் குதித்த வண்டிக்கு, அதை நம்பி உட்கார முடியாது.

சரி, என்ன செய்வது? சாவி போடாமல் தள்ளிக்கொண்டு போய், வீட்டுச் சுவரை விட்டு நன்றாகத் தள்ளி, திறந்த வெளியில் நிறுத்துங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, 'உஸ்ஸ்' சத்தமோ வித்தியாசமான வாடையோ வந்தாலோ கிட்டே போகாமல் 101-ஐ அழையுங்கள். பவுடர் அணைப்பான் சுடரை அடக்கும், உள்ளே இருக்கும் சூட்டைக் குறைக்காது. அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும், அது தீயணைப்புத் துறையின் வேலை.

மழைக்காலம் இல்லாவிட்டாலும், வாசலிலும் மாடிப்படிக்குக் கீழும் சார்ஜ் போடும் பழக்கம் வேண்டாம். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்ட வண்டி பற்றியதில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். வெளியே போகும் ஒரே வழியில் வண்டி எரிந்தால் தப்பிக்க இடமில்லை. புதுச்சேரியின் குறுகிய நடை வைத்த வீடுகளில் இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

இன்னொன்று சார்ஜர். லெட் ஆசிட் வண்டியின் '60 வோல்ட்' சார்ஜர் 70 வோல்ட்டைத் தாண்டும். அதே '60 வோல்ட்' லித்தியம் பேக் பலவற்றுக்கு 67.2-தான் உச்சம். பிளக் பொருந்துகிறதே என்று பக்கத்து வீட்டுச் சார்ஜரை மாட்டாதீர்கள்.

லித்தியம் இன்வெர்ட்டர் வாங்கியவர்கள், போன வெள்ளத்தின் கறை சுவரில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பார்த்து அதற்கு மேலே மாட்டச் சொல்லுங்கள். நனைந்த பேக்கைப் பழைய இரும்புக் கடையில் போடவும் வேண்டாம். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரித்தவருடையது, டீலரிடம் கேளுங்கள்.